மாமா அமுக்காத பட்டன்

கம்ப்யூட்டரை நம்பிக் கெட்டவர்கள் ஊரில் நிறைய உண்டு. என்னை நம்பி, அதனால் கம்ப்யூட்டரையும் நம்பிக் கெட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். என் மாமா.

அம்மாவின் தம்பி. வீரபாண்டியில் சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தார். நான் அப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாஃப்ட்வேர் ஆள். (இருந்ததே நான் ஒருவன்தான். அதற்கே நடையில் ஒரு மிதப்பு.) எங்கள் துணிக்கு மாமாதான் சாயம் போடுவார். போனில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒழித்துவிட்டு, எங்கள் புரோகிராம் கேட்க, பட்டறையில் இருக்கும் புரோகிராம் பதில் சொல்லும்படி ஒன்று எழுதினேன். இங்கிருந்து 'இன்ன துணி, இன்ன கலர்' என்று ஒரு நம்பரோடு மெசேஜ் போகும். அங்கே பிரிண்டரில் சீட்டு வரும், ஒரு லாட் துணிக்கு ஒரு சீட்டு. சீட்டு கிடைத்தது என்று அங்கே பட்டனை அமுக்கினால் எனக்குப் பதில் வரும். வராவிட்டால், மெசேஜ் வழியில் தொலைந்ததாக நினைத்து என் புரோகிராம் புது நம்பர் போட்டு மறுபடி கேட்கும். அந்தப் புது நம்பர் யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"சீட்டு வந்ததும் பட்டனை அமுக்கீருங்க மாமா."

"ஆகட்டும் கண்ணு."

முதல் நாள், கத்தரிப்பூ கலர் ஆர்டர். காலையில் அனுப்பினேன். பதில் இல்லை. மாமா அமுக்கவில்லை. வேலையை வாங்கிக்கொண்டதை எல்லாம் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பாரா, முடித்துவிட்டல்லவா சொல்ல வேண்டும் என்பது அவர் வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல, அந்தப் பட்டறையில் விளையாடி வளர்ந்தவன்தான். புரோகிராம் எழுதும்போது மட்டும் மறந்துவிட்டேன்.

என் திரையில் 'பதில் இல்லை' என்று சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. நெட்டைச் சந்தேகப்பட்டேன், சர்வரைச் சந்தேகப்பட்டேன், கரண்ட்காரர்களையும் விடவில்லை. மேனேஜர் வந்து, "ஒரு போன் போட்டுக் கேட்டுப்போடலாமுங்களே" என்றார்.

"போன் பண்றதுன்னா அப்புறம் சிஸ்டம் எதுக்குங்க?"

அந்த நேரம் பார்த்து அத்தை, மாமாவின் மனைவி, கூப்பிட்டார். 'வேலையில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று தட்டிவிட்டு லைனை வெட்டினேன். பட்டறையிலிருந்து பதில் வரவில்லை என்பதுதான் அந்த வேலை.

சாயங்காலம்தான் பிடிபட்டது. வேலையை முடித்துவிட்டு மாமா பட்டனை அமுக்கியிருந்தார். பதில் வந்திருந்தது, முதல் நம்பருக்கு. என் புரோகிராமோ அதற்குள் வேறு நம்பருக்குக் காத்திருந்தது. யாருக்கோ வந்த பதில் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்டிருந்தது. நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு சீட்டு அடித்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பட்டறை முழுக்கக் கத்தரிப்பூ கலர். எங்கள் துணி முடிந்து, வெள்ளையாக வெளுத்துத் தரச் சொல்லிக் காதர்பேட்டை வியாபாரி ஒருவர் கொடுத்து வைத்திருந்த துணியும் அதில் போயிருந்தது.

"இத்தன தடவ கேக்கறயே, என்ன அவசரமோன்னு அவங்க துணியவும் எடுத்துப் போட்டுட்டேன் கண்ணு. நாளைக்கு வாங்கிக் குடுத்துக்கலாம்" என்றார் மாமா. முழங்கை வரை சாயம்.

"எதுக்கு இத்தனைன்னு கேக்கத்தான் கூப்புட்டேன். நீ வேலையா இருந்தே" என்றார் அத்தை.

சிறிது நேரத்தில் அந்த வியாபாரி வந்தார். துணியைப் பார்த்தார். "சரீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் திரும்பி வந்திருப்பார். பட்டறை அவர் வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் மாமா அதை மூடிவிட்டு, இன்னொருவர் பட்டறைக்குச் சம்பளத்துக்குப் போனார். நான் அழுதேன்.

"நீ கேட்டே, நான் செஞ்சேன். இதுல தப்பு எங்க இருக்குது, உடு" என்றார். எங்கே இருக்கிறது என்று, புரோகிராமில் எந்த வரி என்பது வரைக்கும், எனக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனியும் வேண்டாம் என்ற மிச்சத் துணி எங்கள் வீடுகளுக்கே வந்தது. பனியன், தலையணை உறை, கைப்பிடித் துணி. அந்த வருஷப் பொங்கல் போட்டோவில் குடும்பமே கத்தரித் தோட்டமாக நிற்கிறது.

போன வருஷம் மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார். "தண்ணி வேணுங்களா மாமா?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"ஒருக்கா கேட்டாப் போதும் கண்ணு. இன்னொருக்கா கேட்டீன்னா ரெண்டு சொம்பு குடிக்கோணும்."

அத்தை சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த வாரமே மாமா போய்விட்டார்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒன்றை இரண்டு முறை கேட்டால், "எத்தன லாட்டுக்குங்க?" என்பார்கள். தினமும் அத்தைக்குப் போன் பண்ணுகிறேன். "சாப்புட்டீங்களா அத்தை?" என்பேன். சில நாள் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. நான் மறுபடி கேட்பதில்லை. லைனையும் வெட்டுவதில்லை. எத்தனை நேரமானாலும், அத்தை பதில் சொல்லும் வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.