பாராட்டிக் கெட்ட ஆபீஸ்

காரைக்கால்,
14.10.1984, ஞாயிறு.

மதிப்பும் பாசமும் மிக்க சூசைமுத்து அண்ணன் அவர்களுக்கு, தங்கை இருதயமேரி பணிவுடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நான் சுகம். நீங்களும் அண்ணியும் அண்ணியின் இரண்டு முழங்கால்களும் அங்கே சுகமாக இருக்க இன்றைய பூசையில் வேண்டிக்கொண்டேன்.

இன்று விடிந்ததும் முதல் வேலையாகக் கிணற்றடிக்குப் போய், அங்கே சுவரில் உட்கார்ந்திருந்த காக்கையைத் திட்டினேன். அதன்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. குரல் திரும்பிவிட்டதா என்று பார்க்க அந்த நேரத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். காக்கை பறந்தது. பக்கத்து வீட்டு ஜொஹரா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அல்ஹம்துலில்லா! மேரியக்காவுக்குத் தொண்டை தொறந்துருச்சு" என்று தன் வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னாள். ஆகவே உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்து பல நாளாகிறது. தாமதத்துக்குக் குரல் போனதைக் காரணம் சொன்னால், "குரல் போனா கையுமா போச்சு?" என்று அண்ணி கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எதையும் வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு யோசனையே ஓடுகிறது என்பது நாற்பத்து நாலு வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. புதுச்சேரித் தலைமை அலுவலகத்தில் பயிற்சிப் பிரிவுக் கண்காணிப்பாளர் வேலைக்கு என் பெயர் போயிருக்கிறது, தனி அறை, தலைக்கு மேல் மின்விசிறி, பொதுமக்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம், உங்கள் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது, வருகிற வெள்ளிக்குள் 'சம்மதம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். 'உன் சாந்த குணத்தைப் பார்த்து அந்த அதிகாரியே பரிந்துரைத்தாராம்' என்பதன் கீழே கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். அண்ணே, தொட்டிலில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். சாந்த குணம் என்று எழுதும்போது பேனா சற்றே தயங்கியிருக்க வேண்டாமா? அந்தச் சாந்தம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், சம்மதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன மாதக் கடைசியில் வைத்தியலிங்கம் என்ற இளம் அதிகாரி புதுச்சேரியிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்தார். மனோதத்துவம் படித்தவர், முகத்தில் எப்போதும் ஒரு வெளிச்சம். பணியிலும் வாழ்விலும் மனம் மலர்வது எப்படி என்று ஒரு வாரம் எங்களுக்கு வகுப்பு. பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற இடத்தில் மலர்ச்சியைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை என்பதால் எல்லாரும் ஆவலாகவே உட்கார்ந்தோம். "எந்த வேலை செய்யும்போது உங்களுக்கு நேரம் போறதே தெரியலையோ, அங்கதான் உங்க மலர்ச்சி இருக்கு. ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். பியூன் காத்தமுத்து முதல் ஆளாகக் கையைத் தூக்கி, "மத்தியானம் சாப்புட்டுட்டு அந்தப் பெஞ்சுல சாய்வேன் பாருங்க, அப்பங்க" என்றார். டைப்பிஸ்ட் லோகாம்பாள், "பூ கட்டுறப்ப சார்" என்றாள். "வீட்டு வேலை வேணாம்மா, ஆபீஸ்ல செய்யறதைச் சொல்லுங்க" என்றார் அவர். "ஆபீஸ்லதான் சார் கட்டுறேன்" என்றாள். பழைய பதிவேடுகள் இருக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் அலாவுதீன் பாய் ஒரு பெருமூச்சு விட்டு, "எனக்கு எதுலயுமே நேரம் போவ மாட்டேங்குது சார், அதாங்க என் குறையே" என்றார். என் முறை வந்தது. நான் எழுந்து நின்றேன், வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. திருச்சியில் பி.ஏ. முடித்து, இத்தனை வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து, ஊரில் பிறந்தவர்களையும் செத்தவர்களையும் எழுதிக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு இதற்குப் பதில் இல்லையே என்று வீடு வரும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்வி செருப்பில் புகுந்த மணல் மாதிரி கூடவே வந்தது.

அத்துடன் விட்டிருக்கலாம். மறுநாள் அவர் ஒரு விதி போட்டார். தினமும் ஒருவர் இன்னொருவரின் திறமையை எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே பாராட்ட வேண்டும், பாராட்டப் பாராட்ட மனிதன் மலர்வான் என்றார். அண்ணே, நம் வீட்டுக் கதை உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் முதல் வகுப்பில் தேறியபோது அம்மா தெருவெல்லாம், "ஏதோ தேறிட்டான்" என்றுதான் சொன்னார்கள். கொழுகொழுவென்று ஒரு பிள்ளை வந்தால், "என்னா இது, ஓணானாட்டம் இருக்கு" என்று சொல்லித் தூக்குவதுதான் நம் ஊர் மரியாதை. இந்த ஊரில் போய் முகத்துக்கு நேரே பாராட்டச் சொன்னால் என்ன ஆகும்? அலாவுதீன் பாய், "நம்ம லோகாம்பா டைப் அடிச்சா ஐப்பசி மழை பெய்யுற மாதிரி இருக்கும்" என்றார். சாயங்காலம் அவள் விரல் இரும்பு பீரோக் கதவில் நசுங்கிற்று. மறுநாள் காத்தமுத்து எழுந்து, "பாய் இந்த வயசுலயும் ஏணியில அணில் மாதிரி ஏறுறாரு" என்றார். பாயின் முகத்தில் ரத்தமே இல்லை. "அடப்பாவி, யார் கண்ணுலயும் படாம இத்தன வருசமா ஏறிக்கிட்டு இருந்தேன், போட்டு ஒடச்சிட்டியேடா" என்று அப்படியே உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு ஏணியைத் தொடவே இல்லை. எங்கள் பழைய பதிவேடுகள் எல்லாம் கூரையைத் தொடும் மேல்தட்டில் இருக்கின்றன. காத்தமுத்துவை ஏறச் சொன்னால், "கண்ணு வச்சவனே ஏறுனா ஏணி ரெண்டா போயிரும்" என்று பாயே மறித்துக்கொண்டார். லோகாம்பாளுக்கு விரலில் கட்டு. நான் சேலை கட்டிக்கொண்டு ஏறினால் ஆபீஸே சிரிக்கும். இப்படியாக மேல்தட்டில் இருந்த ஜனங்கள் எல்லாரும் பிறக்காதவர்களாகவே ஆனார்கள்.

அதற்கடுத்த நாள் லோகாம்பாள் கட்டுப் போட்ட விரலை என் பக்கம் நீட்டி, "மேரியக்கா குரல் இருக்கே, கோயில் மணி! மூணு ரூம் தாண்டிக் கேக்கும். அந்தக் குரலுக்குத்தான் இந்த ஆபீஸ்ல வேலையே நடக்குது" என்று பாராட்டிவிட்டாள். விடிந்து எழுந்தால் தொண்டையில் காற்றுதான் வருகிறது. முந்தின சாயங்காலம் கடற்கரையில் நான் மழையில் தொப்பலாக நனைந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், படித்த நானும் எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டே லோகாம்பாள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் உப்பையும் மிளகாயையும் என் தலையைச் சுற்றி, பின்கட்டில் டீ போடும் அடுப்பில் போட்டாள். புகை ஆபீஸ் முழுவதும் பரவி, வரிசையில் நின்ற ஜனங்கள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்கள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்களே, இப்போது வருகிறதே என்று சைகையில் கேட்டேன். "அது குண்டு மொளவா அக்கா, அதுக்குக் கண்ணெல்லாம் ஒரு பொருட்டே இல்ல" என்றாள்.

அன்றைக்குத்தான் கடைசி வகுப்பு. வைத்தியலிங்கம் எதைக் கேட்டாலும் நான் தலையசைத்தேன், பேச முடியாத குறைக்குப் புன்னகையும் செய்தேன். "இத்தனை வருஷம் பொதுமக்கள் கவுண்டரில் இருந்தும் இந்த அமைதி! மலர்ந்த மனிதர் என்று நான் சொன்னது இவரைத்தான்" என்று என்னைக் காட்டினார். காத்தமுத்து சிரிப்பை அடக்க மாட்டாமல் வெளியே ஓடினார். வைத்தியலிங்கம் புதுச்சேரிக்குத் திரும்பிப் போய் எழுதிய பரிந்துரைதான் உங்கள் காதுக்கு எட்டியது. உங்கள் தங்கையின் சாந்த குணம் என்பது சளிக்காய்ச்சல் அண்ணே, வேறொன்றும் இல்லை.

இருந்தாலும் யோசித்தேன். பதினாறு வயதிலிருந்து நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவரும் ஒரே பாவம் கோபம். இந்த முறை கிசுகிசுப்பாக, "சாமி, இந்த வாரம் ஒரு நாளும் கோபப்படவில்லை" என்றேன். சாமியார் மிகவும் சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. கவுண்டரில் பிணம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். யாரையும் திட்டவில்லை, யார் வேலையும் நடக்கவில்லை. இதுதான் மலர்ச்சி என்றால் நான் மொட்டாகவே இருந்துவிட்டுப் போகலாமே என்றும் தோன்றிற்று, அது ஆணவமோ என்ற பயமும் வந்தது.

ஒரு வாரமாக ஒரு சான்றுக்கு அலைந்துகொண்டிருந்த கருக்களாச்சேரி மாரிக்கண்ணு நேற்று முன்தினம் மறுபடி வந்தாள். மீன் விற்கிறவள். மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, பிறப்புச் சான்று அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். பதிவேடு எங்கே? மேல்தட்டில். ஏற வேண்டியவர் எங்கே? நாற்காலியில். "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றார் பாய், ஏணியைப் பார்க்காமலே. மாரிக்கண்ணு என்னிடம் வந்து, "ஏம்மா, நீ இப்புடி மவுனச்சாமியா ஒக்காந்திருந்தா எங்க பொழப்பு என்னாவுறது? ரெண்டு வார்த்த சத்தம் போடும்மா" என்றாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. "சரி, நீ கையால சொல்லு, நான் வாயால சொல்றேன்" என்று என்னைப் பதிவறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நான் மேல்தட்டைக் காட்டி, பாயைப் பார்த்துக் கை கூப்பினேன். தயவுசெய்து ஏறுங்கள் என்று அர்த்தம். மாரிக்கண்ணு, "ஏறுறியா, இல்ல நாங்க ஏத்தவான்னு அம்மா கேக்குறாங்க" என்றாள். நான் பதறி இல்லை இல்லை என்று கையாட்டினேன். "இல்ல இல்ல, இனிமே பொறுக்க மாட்டாங்களாம்" என்றாள். பாய் பரிதாபமாக, "மேரியம்மா, உங்களுக்குத் தெரியாதா? அணில்னு சொல்லிட்டான், நான் ஏறுனா விழுந்துருவேன்" என்றார். மாரிக்கண்ணு இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். இப்போது அவளுக்கு என் சைகை தேவைப்படவில்லை. "யாரு, நீங்களா அணிலு? எந்தக் குருட்டுப்பய சொன்னான்? கரையில ஏத்திப் போட்ட ஓட்டக் கட்டுமரமாட்டம் இருக்கீங்க! ஆமகூட உங்களவிட வெரசா ஏறும்! திருக்க மீன எடுத்து ஏணியில சாத்துனாப்புலதான் இருக்கும் நீங்க ஏறுறது!" பாயின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நாற்காலியை விட்டு எழுந்தார். "இன்னும் ரெண்டு சொல்லும்மா" என்றார். "மூஞ்சியப் பாரு, மூணு நாளு ஐசுல வச்ச கெளுத்தி!" என்றாள். அவர் ஏணியில் காலை வைத்தார். ஒவ்வொரு படிக்கும் அவள் ஒரு வசவு கொடுத்தாள், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உதட்டசைவில் வசவு எடுத்துக்கொடுத்தேன். மேலே போனவர், அவளுடைய மகளின் பதிவேட்டுடன், காத்துக்கிடந்த இன்னும் சில பேருடையதையும் சேர்த்து இறக்கிக் கொடுத்தார். நான் சான்றை எழுத, லோகாம்பாள் ஒன்பது விரலால் டைப் அடிக்க, மேலதிகாரி சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நான் கையை அகல விரித்து மறித்து நிற்க, கையெழுத்து வாங்கிவிட்டோம். மாரிக்கண்ணு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் எப்போதோ போயிருந்தது. என் டப்பா திறக்காமலே இருந்தது. பாய் தூசியைத் தட்டிக்கொண்டே, "நீங்க கத்தாத இந்த ரெண்டு வாரத்துல எனக்கு ஒரு வேலையும் ஓடல மேரியம்மா" என்றார்.

எனக்கும் அன்று மனம் நிறைந்துதான் இருந்தது. ஆனால் சண்டையில் மகிழ்ச்சி வருவது நல்ல குணமா என்ன? அதனால் எல்லாவற்றையும் நிதானமாக யோசித்து, நீங்கள் சொல்வதே சரி என்று முடிவு செய்திருக்கிறேன். பதவி உயர்வு மறுபடி வந்து கதவைத் தட்டாது. எனக்கும் முழங்கால் பேச ஆரம்பித்திருக்கிறது. அண்ணிக்கும் ஒரு துணையாகும். மாடி அறையில் காற்று வரும். சம்மதம் என்றே எழுதிக் கொடுக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. அண்ணியின் தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள். மாதா உங்கள் வீட்டு வாசலை விட்டு அகலாதிருக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள தங்கை,
இருதயமேரி

பி.கு.: உறையில் போடும் முன் படித்துப் பார்த்தேன். மாடி அறையைப் பற்றிய அந்தக் கடைசிச் சில வரிகளை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் வாசலைப் பார்த்தேன், நகம் வெட்டினேன், போன வருஷக் காலண்டரைக் கழற்றினேன். மாரிக்கண்ணுவும் பாயும் ஏணியும் எழுதியபோது ஸ்டவ்வில் வைத்த பால் பொங்கி, வற்றி, சட்டி கருகி, ஜொஹரா ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் எழுந்து நின்று சொல்ல முடியாத பதில் கருகிய சட்டியாக எதிரில் இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய சம்மதத்தை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வரவில்லை. வைத்தியலிங்கத்துக்கு மறுப்பு எழுதப்போகிறேன், நாளைக் காலை கவுண்டரிலேயே உட்காரப்போகிறேன். இன்னும் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை, ஜொஹராவிடம்கூட. நீங்கள் கோபப்படுவீர்கள் என்பது தெரியும். திட்டுவதாக இருந்தால் பஸ் ஏறி நேரில் வந்துவிடுங்கள் அண்ணே. கடிதத்தில் சண்டை போட்டால் எனக்குப் போதாது.