மாமனார் தேறிய நங்கூர வகுப்பு

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா ஆசியுடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். உங்கள் நலத்தோடு கப்பல், சங்கிலி, நங்கூரம் ஆகியோரின் நலத்தையும் தெரிவிக்கவும்.

உங்கள் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து இன்றோடு பத்தொன்பது நாள். ஏழு மாதம் சுமந்த பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று சொல்ல முடியாது; நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். "வேலைய முடிச்சிட்டு நிதானமா வரச்சொல்லி எழுதுங்கப்பா" என்று அவள் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத்தான் கோபம், ஒளிப்பானேன். குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்க வராமல் நடுக்கடலில் அப்படி என்ன வெட்டி முறிக்கிறீர்கள் என்று கேட்க, போன செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் இருக்கும் உங்கள் கம்பெனிக்கே போய்விட்டேன். முப்பத்தொரு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து 'சத்தம் போடாதீர்கள்' என்று சொல்லிப் பழகியவனுக்குச் சத்தம் போடுவது சுலபமில்லை, அதனால் பேச வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டேன். வாசலில் காவலர் மறித்தார். "பாதுகாப்பு வகுப்பு முடிச்சவங்கதான் உள்ள போகலாம் சார்." "நான் சண்டை போட வந்திருக்கேன்பா." "சண்டைன்னாலும் முடிக்கணும் சார்." சொல்லிவிட்டு ஒரு ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார். அது மூக்கு வரை இறங்கியது. அப்படியே கொண்டுபோய்ப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களோடு பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மிதக்கும் காற்றாலை ஒன்றுக்கு மூன்று சங்கிலி, ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் நம் சமையலறை அளவுக்கு ஒரு நங்கூரம் என்று பாடம் எடுத்த அம்மா படம் போட்டுக் காட்டினார். நங்கூரத்தைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாமே! கப்பல் இழுக்க இழுக்கத்தான் அது சேற்றுக்குள் இறங்குமாம். பிறகு முழு பலத்தோடு கால் மணி நேரம் இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் நம்புவீர்களாம். காற்றாலை வருவதோ அடுத்த வருஷமாம். கடல் அடங்கியிருக்கும் சில நாட்களில் இதை முடிக்காவிட்டால் இந்தப் பருவமே போய்விடுமாம். கேள்வி உண்டா என்றார். கையைத் தூக்கினேன். "காத்தாடி வர்ற வரைக்கும் அந்த நங்கூரத்த யாராவது போய்ப் பாப்பாங்களாம்மா?" வகுப்பே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நடுவுல ஒரு தடவ கேமரா அனுப்பிப் பாப்போம் சார்" என்றார். மனப்பாடம் செய்ததெல்லாம் எனக்கு அத்தோடு மறந்துபோயிற்று. பரீட்சையில் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது. நல்லவேளை, ஹெல்மெட் மறைத்துக்கொண்டது. அந்த அம்மாதான் தண்ணீர் கொடுத்து, வெள்ளிக்கிழமை உங்கள் கப்பலுக்குப் போகும் சாமான் படகில் கடிதம் அனுப்பலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை, "நல்லா கேட்டீங்களா?" என்றாள். "பாஸ் பண்ணிட்டேன்" என்று சான்றிதழை நீட்டினேன். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆகவே பதறாமல், வேலையை முழுதாக முடித்துவிட்டே வரவும். கடல் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ள இந்தக் கிழவனின் ஆசிகள். அத்தையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மாமா

பி.கு.: படகில் கடிதத்தைக் கொடுக்க வந்த இடத்தில், காவலரின் பேனாவை வாங்கி எழுதுகிறேன். வீட்டில் உங்கள் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து வரிக்கு வரி பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே அவள் இல்லை. மாப்பிள்ளை, அவள் சிரிக்கவில்லை. சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. இந்தப் படகு திரும்பும்போது அதிலேயே ஏறி வந்துவிடுங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போனில் "நீங்க வர வேணாம், வேலைய முடிச்சிட்டே வாங்க" என்று அவள் சொன்னபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் சரி என்றீர்கள். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "சரின்னுட்டாருப்பா" என்றாள்.