பொன்முடி வரை ஓர் உறக்கம்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வீட்டை விட்டு ஓடிப் போயிருக்கிறேன். அதுவும் உறங்கிக்கொண்டே.

அப்போது எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூவும் மெடிக்கல் என்ட்ரன்ஸ் கோச்சிங்கும் சேர்ந்து என் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்த வருடம். கேரளத்துக் கரமனையில் எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் டாக்டர் இருப்பார். மிச்ச வீடுகளில் டாக்டராக நினைத்து முடியாமல் போனவர்கள் இருப்பார்கள். என் அப்பா இரண்டாவது ரகம். அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர் என்பதால் என்னையும் ஒரு ஃபைல் போலத்தான் நடத்தினார். சார்ட் பேப்பரில் நான்கு வண்ணத்தில் டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அதில் கடைசி வரி: ‘உறக்கம், 11.30 முதல் 3.30 வரை (தேவைப்பட்டால்).’

"எங்காத்துக் கொழந்தை நாலு மணி நேரந்தான் ஒறங்கறா, கேட்டேளா?" என்று கோயிலில், ரேஷன் கடையில், பஸ் ஸ்டாப்பில் எல்லாரிடமும் சொல்வார்.

அப்பாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை. கோச்சிங்கில் பக்கத்து பெஞ்சுப் பெண் மூன்றரை மணி நேரம்தான் உறங்குகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே நான் மூன்றுக்கு இறங்கிவிட்டேன். (அவள் வகுப்பிலேயே கண்ணைத் திறந்துகொண்டு உறங்கும் வித்தை தெரிந்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு அந்தத் திறமை கிடையாது.)

நாலைந்து மாதத்தில் பலன் தெரிய ஆரம்பித்தது. ஷாம்பூவால் பல் தேய்த்தேன். ஒரே வரியைப் பதினோரு தடவை படித்துவிட்டு, இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். ஒரு நாள் அம்மா போட்ட தோசை ஓரத்தில் பிய்ந்துவிட்டது என்று அரை மணி நேரம் அழுதேன். தோசைக்காகத்தான் அழுதேன் என்று நானே நம்பினேன். அம்மா மட்டும் அப்பாவிடம், "இவ சரியில்லை, முகத்தைப் பாருங்கோ" என்றாள். அப்பா பார்த்தார். "படிக்கற முகம் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

மாடல் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நெடுமங்காட்டில். என்னைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஏழு மணி பொன்முடி பஸ்ஸில் ஏற்றிவிட்டது அப்பாதான். வழியில்தான் நெடுமங்காடு, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஜன்னலோர சீட். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, மடியில் ஒரு பெரிய பை. நான் பயாலஜி நோட்டைத் திறந்தேன். ‘சிறுநீரகம்’ என்ற தலைப்பைப் படித்தது ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததை அந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நெடுமங்காடு வந்ததும் கண்டக்டர் என் டிக்கெட்டை நினைவு வைத்து வந்து எழுப்பியிருக்கிறார். நல்ல மனிதர். "மோளே, நெடுமங்காடு எத்தி. எறங்ஙண்டே?" என்று கேட்டிருக்கிறார். நான் கனவில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கண்ணைத் திறக்காமல், ஏ, பி, சி, டியில் சரியான விடையைச் சொல்கிற தோரணையில், "சி!" என்றேன். அது அவர் காதில் ‘ச்சீ!’ என்று விழுந்தது. பஸ் மொத்தமும் திரும்பிப் பார்க்க, மனிதர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அய்யோ, ஞான் தொட்டில்லா!" என்று பின்னாலேயே நகர்ந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு என் பக்கமே வரவில்லை.

நான் கண் விழித்தபோது எங்கும் வெள்ளையாக இருந்தது. மரமில்லை, சாலையில்லை, ஆள் அரவமில்லை. குளிர்ந்த புகை மட்டும். செத்துப் போய்விட்டேன் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமே வரவில்லை. ‘அப்பாடா, இனி தேர்வு இல்லை’ என்றுதான் தோன்றியது.

"எழும்பிட்டியாட்டி?" என்றது சொர்க்கம், திருநெல்வேலித் தமிழில்.

பக்கத்து சீட் அக்கா. என் தலை அவர் தோளில் இருந்தது. அவர் புடவையில் என் வாயிலிருந்து வழிந்த ஈரம் ஒரு கேரள வரைபடம் அளவுக்கு. என் கை அவர் முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தது.

"அக்கா, நெடுமங்காடு வந்தாச்சா?"

"அது போயி ஒண்ணர மணிக்கூறு ஆச்சு. இது பொன்முடி. நான் கீழ எஸ்டேட்டு லயத்துல எறங்கணும். ஒந்தலைய எங்கன எறக்கி வைக்கன்னு தெரியல, அதான் நானும் உச்சி வரைக்கும் வந்துட்டேன்."

மணி ஒன்பதரை. தேர்வு தொடங்கி அரை மணி நேரம். நான் அழத் தொடங்கினேன். தோசைக்கு அழுததெல்லாம் ஒத்திகைதான் என்று அப்போது புரிந்தது. அக்காவின் பெயர் செல்லத்தாய், தேயிலை கிள்ளுகிறவர். ஒரு பெண் பிள்ளை தனியாக மலையுச்சியில் வந்து அழுதால் காரணம் ஒன்றுதான் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

"எவன் வரச் சொன்னான்?"

"யாரும் இல்லக்கா."

"பின்ன எதுக்கு அழுத? அவன் பேரச் சொல்லு."

"பயாலஜி... கெமிஸ்ட்ரி... பிசிக்ஸ்..." என்று விம்மினேன்.

"மூணு பேரா!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

அதே பஸ் திரும்பிக் கீழே போனபோது செல்லத்தாய் அக்கா என்னைத் தன் லயத்தில் இறக்கிக் கூட்டிப் போனார். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். சூடாகக் கஞ்சியும் பயறும் வைத்தார். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். தினமும் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பஸ் வந்து என் காலில் மட்டும் ஏறினால் நன்றாக இருக்குமே, மூன்று மாதம் படுத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது என்று. மழை வந்தால் நன்றாயிருக்கும் என்பது போலத்தான் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித் தோன்றும் என்றே நினைத்திருந்தேன். அக்கா பாயை விரித்தார். நான் கையைக் கழுவினேனா என்று கூட ஞாபகமில்லை.

என் பையில் இருந்த ஹால் டிக்கெட்டில் அப்பாவின் நம்பர் இருந்தது. சிக்னல் கிடைக்கும் பாறை வரை நடந்து போய் அக்கா பேசியிருக்கிறார். அப்பா ஒரு டாக்ஸி பிடித்து, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பத்து வளைவுகளில் வாந்தியெடுத்து, மதியம் ஒன்றரை மணிக்கு வந்து இறங்கினார். வழியெல்லாம் திட்டுவதற்குத் தயார் செய்துகொண்டே வந்திருந்தார்.

"எங்கே அவ?"

"மெள்ளப் பேசுங்க சார். பிள்ள உறங்குதுல்லா."

"அவ என் பொண்ணு!"

"ஆமா சார். உங்க பொண்ணுதான் உறங்குது."

அலுவலகத்தில் இருபது பேரை ஆட்டி வைக்கிற மனிதர், வாசலில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியில் உட்கார வைக்கப்பட்டார். அக்கா குரலைத் தாழ்த்தி, நான் பஸ்ஸையும் காலையும் பற்றிச் சொன்னதை அப்படியே சொன்னார். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெகு நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மழைக்காலத்துப் பொன்முடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை அட்டைகள் விடாது. ஒன்று அவர் கணுக்காலில் ஏறி, சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தது. என் அப்பா கரப்பான்பூச்சியைக் கண்டால் தெருமுனை வரை கேட்கும்படி கத்துகிறவர். அன்று கத்தவில்லை. அக்கா உள்ளேயிருந்து உப்பு எடுத்து வரும் வரை வேட்டி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

நான் ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசலில் அப்பா, காலில் ரத்தக் கறையோடு ஒரு கைக்குட்டை.

"அப்பா, எக்ஸாம்..."

"மதி" என்றார், போதும் என்று மலையாளத்தில். பிறகு, மொழி தெரியாத ஊரில் வழி கேட்பவர் போல, "இன்னும் கொஞ்சம் ஒறங்கறியா?" என்றார்.

மறுநாள் சார்ட் பேப்பரைக் கிழித்தது அம்மா. அதே வாரம் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். தெருவில் யாருக்கும் தெரியக் கூடாது என்று பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தோம். (என் பல்லைப் பற்றித் தெருவே ஆறு மாதம் கவலைப்பட்டது.) அந்த டாக்டரம்மா என்னிடம் நிறையக் கேட்டார், அப்பாவிடம் அதைவிட நிறையக் கேட்டார். எட்டு மணி நேர உறக்கத்தை மருந்துச் சீட்டில் எழுதியே கொடுத்தார். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அழுகை நிற்கவே இரண்டு மாதம் பிடித்தது. அந்த வருடம் என்ட்ரன்ஸ் எழுதவில்லை. நான் டாக்டராகவும் இல்லை. கணக்கு டீச்சர். முதல் பீரியடில் பிள்ளைகள் உறங்கி விழுந்தால், பாடத்தை நிறுத்திவிட்டு, "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று கேட்கிற டீச்சர்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் நான் சொல்லவே விடமாட்டார்கள். அப்பாதான் சொல்வார். பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் யார் அகப்பட்டாலும் பிடித்து உட்கார வைத்துவிடுவார். "எம் பொண்ணு கண்டக்டரைப் பார்த்து ‘சீ’ன்னுட்டா, கேட்டேளா!" என்று தொடங்கி, மூன்று காதலர்கள், வாந்தி எல்லாம் வரும். ஒவ்வொரு தடவையும் அட்டை வளரும். போன ஓணத்துக்குச் சொன்னபோது ஒரு சாண் இருந்தது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் தடுமாறுவார். வாளியில் உட்கார்ந்ததும் அக்கா என்ன சொன்னார் என்று கேட்பவர்கள் கேட்பார்கள். இத்தனை வருடத்தில் அதை அவர் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. சட்டென்று வேட்டியைக் கணுக்கால் தெரியத் தூக்கி, "இதோ, இங்கே பாருங்கோ, தழும்பு!" என்பார்.

தழும்பு எதுவும் கிடையாது. நாங்கள் எல்லாரும் குனிந்து பார்ப்போம்.