இடுக்குப் பிள்ளையார் கறந்த உண்மை

திருவண்ணாமலைக்காரர்களைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பௌர்ணமியன்று ஆந்திரா, கர்நாடகா, ஐரோப்பா என்று உலகமே எங்கள் மலையைச் சுற்ற வரும்போது, எங்களில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடப்போம். (பால் வாங்கத் தெருமுனைக்குப் போனால்கூட, கூட்டம் நம்மையும் தள்ளிக்கொண்டு போய்விடும்.) முப்பது வயது வரை நான் ஒருமுறைகூடக் கிரிவலம் போனதில்லை.

ஆனால் எனக்குப் பெண் பார்த்த தரகர், "மாப்பிள்ளை மாசம் தவறாம கிரிவலம் போறவரு" என்று தாம்பரத்தில் பெண் வீட்டில் சொல்லிவைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. பெண்ணின் பெயர் வித்யா. இரண்டு மாதமாக ஃபோனில் பேசிக்கொண்டிருந்தோம், எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. "மலையைச் சுத்தலைன்னா எனக்குத் தூக்கமே வராது" என்று அவளிடம் என் பங்குக்கும் அளந்துவிட்டிருந்தேன்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வித்யாவும் அவள் அப்பா அம்மாவும் வந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், காபி குடித்தார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"முடிவு சொல்றதுக்கு முன்னாடி மாப்பிள்ளையோட ஒரு கிரிவலம் போயிடலாம். நாளைக்குக் காலைல அஞ்சு மணி."

பரீட்சைக்குப் படிப்பதுபோல எட்டு லிங்கங்களின் பெயரையும் வரிசையாக மனப்பாடம் செய்தேன். ஆனால் பாதத்துக்கு யார் பாடம் நடத்துவது? செருப்பில்லாமல் நடந்து பழகாத கால். எம லிங்கம் வருவதற்குள் எனக்கு எமனே கண்ணில் தெரிந்துவிட்டான். வித்யாவின் அப்பா, அதாவது என் வருங்கால மாமா, மட்டும் கையை வீசிக்கொண்டு முன்னால் போனார்.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையைக் காட்டி, "இங்கதான் மாசா மாசம் டீ குடிப்பேன்" என்றேன். கடைக்கார அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏ ஊரு பாபு?" என்று தெலுங்கில் விசாரித்தார். (ஆந்திரா கூட்டம் வர ஆரம்பித்ததிலிருந்து, புது முகம் என்றாலே அங்கே தெலுங்குதான்.) மாமா டீயை ஊதியபடியே என்னைப் பார்த்தார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு லிங்கத்துக்குக்கூடத் தாங்கவில்லை. ஏழாவதான குபேர லிங்கத்தைத் தாண்டியதும் இடுக்குப் பிள்ளையார் வந்துவிட்டார்.

அது ஒரு சின்னக் கல் கோயில். பின்பக்கம் நுழைந்து, ஊர்ந்து, முன்பக்கம் வெளியே வரவேண்டும். அப்படி வந்தவர்களுக்கு மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை.

"நீங்க முதல்ல போய்க் காட்டுங்க மாப்பிள்ளை" என்றார் மாமா.

பிள்ளையாருக்கும் எனக்கும் வயிற்றில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாததால் தப்பித்தார். நான் குப்புறப் படுத்து முதலை மாதிரி நுழைந்தேன். தலையும் ஒரு கையும் முன்பக்கம் வந்தன. மற்றதெல்லாம் வர மறுத்துவிட்டது.

முன்பக்கம் மாமாவும் வித்யாவும். பின்பக்கம் என் கால்களைப் பார்த்தபடி அத்தையும், அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசையும். "நெம்மதிகா பாபு, நெம்மதிகா" என்று, மெதுவாக வரச் சொல்லி ஒரு ஆந்திரா பாட்டி தைரியம் சொன்னார். யாரோ கன்னடத்தில் பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள். அப்போது வெள்ளை முடியும் காட்டன் புடவையுமாக ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"பயப்படாதீங்க தம்பி. ஒருக்களிச்சுப் படுக்கணும். முதல் தடவையா?" சுத்தமான தமிழ்.

"இல்லைங்க, மாசா மாசம் வர்றவரு" என்றார் மாமா.

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். (இறங்கப் பார்க்க வெளியே ஒன்றும் இல்லை.) "நான் பதினஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். மாசா மாசம் வர்றவங்க இப்படி நுழைய மாட்டாங்களே" என்றார்.

மாமா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "உண்மையைச் சொல்லுங்க. இதுவரைக்கும் எத்தனை தடவை?"

பொய் சொல்வதற்கு ஓட ஒரு வழியாவது வேண்டும். எனக்கு நெளியக்கூட இடமில்லை.

"ஒரு தடவைகூட இல்லைங்க மாமா. தரகர் சொன்னது பொய். ஃபோன்ல நான் சொன்னதும் பொய். காலைல யோகா பண்றேன்னு சொன்னதும் பொய். வேலை மட்டும் நிஜம்."

வித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள், எல்லாம் முடிந்தது என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. (சிரிப்பை அடக்கினாளாம். கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.)

அந்த நேரத்தில் பின்பக்கம் ஒரு தெரிந்த குரல். பக்கத்து வீட்டு அன்வர் பாய். கூட்டத்தைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தியிருக்கிறார்.

"யா அல்லா, இது நம்ம குமார் காலாச்சே! இவன் எப்பக் கிரிவலம் வந்தான்?"

பாய் ஒரு காலையும் இரண்டு ஆந்திராக்காரர்கள் இன்னொரு காலையும் பிடித்தார்கள். "அரோகரா!" என்ற முழக்கத்தோடு வந்த வழியாகவே வெளியே வந்து விழுந்தேன். இரண்டு சட்டைப் பொத்தான்கள் பிள்ளையாருக்குக் காணிக்கை. மாமா கையை வீசிக்கொண்டு மீதித் தூரத்தையும் நடந்து முடித்தார். என்னைப் பாய் ஆட்டோவில் ஏற்றி வீட்டில் இறக்கினார்.

மதியம் ஊருக்குக் கிளம்பும்போதுதான் மாமா வாய் திறந்தார். "முப்பத்தஞ்சு வருஷமா பொய் சொல்ற பசங்களைப் பார்த்தவன் நான். மாட்டிக்கிட்டதும், கேக்காத பொய்யையும் சேர்த்து ஒத்துக்கிட்டவரு நீங்க ஒருத்தர்தான். முகூர்த்த நாள் பாக்கச் சொல்லுங்க."

இப்போது வருஷா வருஷம் குடும்பத்தோடு கிரிவலம் போகிறோம். மாமா, அத்தை, என் மகள் எல்லோரும் இடுக்கில் புகுந்து வெளியே வருவார்கள். நான் பைகளைப் பார்த்துக்கொள்வேன். "எங்க எல்லாருக்கும் பிறவி முடிஞ்சுது. மாப்பிள்ளைக்கு மட்டும் பாக்கி இருக்கு" என்று மாமா தவறாமல் அறிவிப்பார். வித்யாவும் உள்ளே போகமாட்டாள். இடுப்பு வலி என்பாள்.

போன வருஷம் மகள் விடவில்லை. "பதினாலு கிலோமீட்டர் நடக்கறே, இதுல மட்டும் என்னம்மா இடுப்பு வலி?"

"உங்கப்பாவுக்கு அடுத்த ஜென்மம் இருக்குதுடி" என்றாள் வித்யா. "தனியா அனுப்பினா, வேற எவ கிட்டயாவது போய்க் கிரிவலம் போறேன்னு அளந்துக்கிட்டு இருப்பாரு."