அடுக்களை வழியாகப் போகும் வண்டிப்பாதை

தாமிரபரணிக்கு இக்கரையிலும் அக்கரையிலும், அடுத்தவன் நிலத்தில் ஓர் அங்குலம்கூட ஏறாமல் காடுமேடெல்லாம் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் வண்டிப்பாதை அண்ணாச்சி. அந்தப் பெருமையைக் காப்பாற்றப் போய் அவர் கடைசியில் பணயம் வைத்தது தன் மனைவியின், அதாவது எங்கள் மதினியின், புது அடுக்களையை.

அடுக்களைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது. வழியெல்லாம் பள்ளம். பையப் போவோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வண்ணார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார நாற்காலி கிடையாது. கவிதை எழுதப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அதற்கு வீட்டார் கண்டுபிடித்த மருந்து அந்தக் கடை. ஒரு நாள் தோளில் பி.வி.சி. குழாயோடு ஒருவர் வந்தார். பம்ப்செட் மெக்கானிக். மெக்கானிக் கையில் குழாய் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் குழாயின் மூடியைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு கிராமத்தை உருவினார்.

கிராம வரைபடம். தாலுகா ஆபீசில் மனுப் போட்டு முத்திரையோடு வாங்கிய நகல்.

"இதுல ரெட்டைப் புள்ளிக்கோடு எங்கன போவுதுன்னு தெளிவா விழணும் வே. மத்ததெல்லாம் மங்கினாலும் பரவால்ல."

"மத்ததுன்னா?"

"ஊரு, கோயிலு, குளம். அதெல்லாம் அங்கனயேதான கெடக்கும். பாதைதாம் வே காணாமப் போவும்."

இரட்டைப் புள்ளிக்கோடு என்றால் வண்டிப்பாதை. யாரும் போகலாம். பதினைந்து லிங்க்ஸ் அகலம். அதாவது ஏறக்குறைய பத்தடி. ஒற்றைப் புள்ளிக்கோடு நடைபாதை. இந்த இரண்டும் தவிர மண்ணின் மேல் எதுவும் அவர் கண்ணில் படாது.

இந்தப் பக்திக்கு ஒரு காரணம் இருந்தது. முன்னொரு காலத்தில் அவரும் எல்லோரையும்போல அறுவடை முடிந்த வயலில் குறுக்கே விழுந்து போனவர்தான். ஒரு தரம் வயல்காரர் பிடித்துவிட்டார். பச்சை நிறப் புல்லட்டைச் சங்கிலி போட்டு மாட்டுத்தொழுவத்து முளையில் கட்டினார். பொழுது அடையும்வரை அவிழ்க்கவில்லை. "கட்டினதுகூடப் பெருசில்ல வே. முன்னால ஒரு கத்தை வைக்கோல் போட்டாம் பாரும். அதத்தாம் தாங்க முடியல" என்பார். மறுநாள் காலை தாலுகா ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருக்கிறார்.

காற்றில் படத்தை இரு கையாலும் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புல்லட்டின் பின்சீட்டில் ஏறினேன்.

விடிகாலையில் ஆற்றின் மேல் ஆவி எழும்பும். நாற்றங்கால் பச்சையில் கொக்குகள் யாரோ மறந்துவிட்டுப் போன வெள்ளைத் துண்டுகள்போலக் கிடக்கும். பனைகள் பின்னால் ஓட, மலை மட்டும் எங்கள் கூடவே வர, புழுதி எங்களுக்குப் பின்னால் எழுந்து நின்று பார்க்க, எனக்குள் ஒரு வரி மெல்லத் திரளும். அந்த நேரம் பார்த்து முன்னாலிருந்து குரல் வரும்: "எடப்பக்கம் மூணு லிங்க்ஸ் நகந்துட்டோம் வே. யாரு நெலம் பாரும்."

நடைபாதை வந்தால் என்ஜினை அணைத்துவிடுவார். இருவரும் இறங்கி உருட்டுவோம். "நடைபாதையில ஓட்டத்தாங் கூடாது. நடத்தலாம்." புல்லட்டை உருட்டியவர்களுக்குத்தான் அதன் எடை தெரியும். ஒரு தரம் மூச்சிரைக்க உருட்டிப் போகையில் வயலில் களை பறித்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வண்டி ரிப்பேரா அண்ணாச்சி?"

"இல்ல தாயி. நல்லா ஓடும்."

"பொறவு எதுக்கு உருட்டுதீரு?"

"சர்க்கார் பாதை."

அந்த வயலைத் தாண்டி வெகுதூரம்வரை சிரிப்பு எங்களைத் துரத்தி வந்தது. அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஹேண்டில்பார் எல்லை தாண்டும்.

களக்காட்டுப் பக்கம் காட்டின் எல்லைக்கல் தெரிந்ததும், இருபது லிங்க்ஸ் முன்னாலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்.

"புலிக்குப் பயமா அண்ணாச்சி?"

"புலிக்கு என்ன வே பயம். பர்மிட்டு இல்லல்லா."

கிராமப் படம் பெரிசு; எங்கள் கடை மெஷின் சின்னது. நான்கு துண்டாக எடுத்துப் பசை போட்டு ஒட்டுவேன். ஒரு சனிக்கிழமை ஏதோ ஒரு வரியை யோசித்துக்கொண்டே ஒரு துண்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் பாதை நேராக ஒரு குளத்துக்குள் போயிற்று. நான் சொல்லிப் பார்த்தேன். "படம் என்ன சொல்லுது?" என்றார். "உள்ள போவுது" என்றேன். உள்ளே போனார். புல்லட் இரண்டு தரம் இருமி, ஒரு தரம் விக்கி, அல்லி இலைகளுக்கு நடுவே உயிரை விட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி படத்தை வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"இதுல கெழக்கு ரெண்டு இருக்கே வே."

நான் ஓர் அல்லி இலையை விலக்கினேன்.

"ஒட்டினது நீருதான?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப இது அத்துமீறல். கொளத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாரும்."

கேட்டேன். குளத்திடம் மன்னிப்புக் கேட்டவன் என்று என்னைத் தவிர வேறொருவனை நான் இதுவரை சந்திக்கவில்லை.

சுற்றி முடித்தால் சாப்பாடு அண்ணாச்சி வீட்டில். ஊருக்கு வெளியே, வயலை மனையாக்கிய புதுத் தெருவில் வீடு. மதினி பன்னிரண்டு வருஷம் பின்கட்டுத் தகரச் சாய்ப்பில் கண் எரிய எரியப் பொங்கியவர். அந்த வருஷம்தான் அவருக்கென்று ஓர் அடுக்களை எழும்பியது. கிழக்கே ஒரு ஜன்னல். இடுப்பு உயரத்தில் கறுப்புக் கல் மேடை. அதைத் துடைத்துத் துடைத்து, அதிலேயே முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வார். சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறிவிட்டு, "எப்டி இருக்கு?" என்று கேட்பார். சொதியைத்தான் கேட்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஜன்னலைக் கேட்டிருக்கிறார்.

இப்போது சுடலைமுத்து வருகிறார்.

களக்காட்டுப் பக்கம் ஓர் இரட்டைப் புள்ளிக்கோடு சுடலைமுத்துவின் வாழைத்தோட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. தரையிலோ கோட்டின் மேல் பதினான்கு வாழைகள் குலை தள்ளி நின்றன. அண்ணாச்சி மனுப் போட்டார். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் அதுவரை குளத்தங்கரை சுற்றித்தான் போய்வந்தார்கள். அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். சுடலைமுத்து மட்டும் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு குலைகளைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா வே? காய் திரண்டுரும்."

"நான் பொறுப்பேன் அண்ணாச்சி. படம் பொறுக்காதே" என்றார் வண்டிப்பாதை அண்ணாச்சி.

சுடலைமுத்து பதினான்கையும் தாமே வெட்டினார். வெட்டி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீரு இருக்கது எந்தத் தெரு?" என்று கேட்டார். அண்ணாச்சி தெரு, கதவு எண், அடையாளத்துக்குப் பக்கத்து வேப்பமரம் எல்லாம் சொன்னார்.

"நல்லது" என்றார் சுடலைமுத்து. அந்த நல்லது எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவும் நேரம், வாசலில் ஒரு மொபட் வந்து நின்று ஹாரன் அடித்தது. களக்காட்டிலிருந்து அத்தனை தூரம் மொபட்டிலேயே வந்திருந்தார் சுடலைமுத்து. தோளில் ஒரு பி.வி.சி. குழாய்.

"படம் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

அண்ணாச்சி ஐம்பது கிராமங்களின் படத்தை வைத்திருந்தார். தன் ஊர்ப் படத்தை மட்டும் வாங்கியதில்லை. வீட்டுக்குப் போகத்தான் வழி தெரியுமே. சுடலைமுத்து திண்டுக்கல் பூட்டைத் திறப்பதுபோல மெதுவாக மூடியைத் திருகிப் படத்தை விரித்தார். இரட்டைப் புள்ளிக்கோடு தெருவிலிருந்து கிளம்பி, அண்ணாச்சியின் காம்பவுண்டுக்குள் ஏறி, அடுக்களைக்குள் கிழக்கே நுழைந்து மேற்கே வெளிவந்து, ஆற்றுக்குப் போயிற்று.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"வே, கெழக்கு ஒண்ணுதான இருக்கு?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

டேப் எடுத்து அளந்தார். இரண்டாம் முறை அளந்தார். அதற்குள் தெரு கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காதோடு சொன்னார்: "அந்தக் கோட்டு மேல தெருவுல பாதி வீடு நிக்கும் போலுக்கு. எவன் பாக்கான்? படத்தச் சுருட்டி உள்ள வையும்."

"நான் பாக்கேன்லா" என்றார் அண்ணாச்சி.

கடப்பாரையை எடுத்து வந்தார். அடுக்களை வாசலில் மதினி கரண்டியோடு நின்றார். குரல் உயரவில்லை. "சுவத்துல கை வச்சீங்கன்னா இந்த வீட்டுல பொறவு அடுப்பு எரியாது."

அண்ணாச்சி கடப்பாரையைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். ஐம்பது கிராமத்துப் பாதை தெரிந்த மனிதர், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காது மடல் சிவந்திருந்தது. சுடலைமுத்துவிடம் திரும்பினார்.

"ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"நான் பொறுப்பேன் வே" என்றார் சுடலைமுத்து. "படம் பொறுக்காதே."

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி தலையாட்டினார். சரியான பதிலுக்கு வாத்தியார் மார்க் போடுவதுபோல இருந்தது அது.

மதினிதான் படத்தை வாங்கிப் பார்த்தார். "பாதைன்னா என்ன, போவ வரத்தான? சுவர் இருக்கப்படாதுன்னு இதுல எங்கயாவது எழுதியிருக்கா?"

சுடலைமுத்து படத்தை எட்டிப் பார்த்தார்.

"கெழக்க ஒரு கதவு, மேக்க ஒரு கதவு வைங்க. மேடை அங்கனயே இருக்கட்டும். போறவன் போட்டும், வாறவன் வாரட்டும். செருப்பக் கழத்திட்டு வரணும். அம்புட்டுதான்."

ஆசை ஆசையாய் வைத்த கிழக்கு ஜன்னல் போயிற்று. அதைப் பெயர்த்தபோது மதினி மேடைக்கு மறுபக்கம் திரும்பி நின்று, சுத்தமாக இருந்த ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடை மூன்று லிங்க்ஸ் அகலத்தை அடைத்துக்கொண்டிருப்பது அண்ணாச்சியை உறுத்தியது. ஆக்கிரமிப்பாளர் என்று தன் பெயரையே எழுதித் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். வாங்கிய குமாஸ்தா இரண்டு முறை படித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, உள்ளே வைத்துவிட்டார். பதில் இதுவரை இல்லை.

கதவுகள் வைத்த மறுநாள் சுடலைமுத்து வந்தார். செருப்பைக் கழற்றி மொபட்டின் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு ஹாரன் அடித்து, கிழக்குக் கதவு வழியாக அடுக்களைக்குள் ஓட்டினார். மேடைக்கு நேரே வந்ததும் மொபட் நின்றது. என்ஜின் தானாக அணைந்தது என்று பிற்பாடு சாதித்தார். நான் நம்பவில்லை. மேடையில் கல் காய்ந்து தோசை வேகும் நேரம் அது.

"பாதையில நிக்கப்படாது அண்ணாச்சி" என்றார் மதினி. "நின்னா சாப்புட்டுத்தாம் போவணும்."

சுடலைமுத்து மொபட்டில் உட்கார்ந்தபடியே நான்கு தோசை சாப்பிட்டார். அண்ணாச்சி பின்னால் ஒதுங்கி நின்று காத்திருந்தார்; முன்னால் வண்டி நிற்கும்போது முந்திப் போகும் பழக்கம் அவருக்கில்லை. அடுத்த வருஷம் சுடலைமுத்து ஒரு குலை வாழையோடு வந்தார். வெட்டிய வாழையின் பக்கக்கன்றாம். பாதைக்கு வெளியே நட்டதாம். அளந்துதான் நட்டாராம்.

இப்போது அண்ணாச்சிக்கு முழங்கால் மடங்குவதில்லை. புல்லட் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நான் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வேலைகளில் அலைந்துவிட்டேன், எங்கும் நிலைக்கவில்லை. போன மாதம் திருநெல்வேலி வந்தவன் அந்தத் தெருவுக்குப் போனேன். முன்வாசல் திறந்துதான் இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வாடகைக்கு எடுத்த பைக்கை என்ஜின் அணைத்து உருட்டிக்கொண்டு, கிழக்குக் கதவு வழியாக உள்ளே போனேன். மேடையருகே ஸ்டூலில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த அண்ணாச்சி நிமிரவில்லை.

"வண்டிப்பாதைதாம் வே. ஓட்டியே வரலாம்" என்றார். "எதுக்கு உருட்டுதீரு?"

மதினி கல்லில் மாவை ஊற்றினார்.

எத்தனையோ வாசல்களில் மணி அடித்து, யாராவது வரமாட்டார்களா என்று நின்றிருக்கிறேன். இந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் நான் கேட்காமல் போவேன். யாராவது மறித்தால் காட்ட, நான்கு துண்டையும் சரியாக ஒட்டிய படம் ஒன்று என் பையில் இருக்கிறது.