ஜெனரேட்டர் தெரியாத மனுஷன்

இனிமேல் முட்டாளாக இருப்பது என்று கால்புள்ளி முடிவு செய்தார்.

பொத்தாம்பொதுவான முட்டாள் இல்லை. அந்தப் பெயரை அவர் வீட்டில் எப்போதோ வாங்கியாகிவிட்டது. இது தனி ரகம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஜெனரேட்டர் விஷயத்தில் மட்டும் ஒன்றும் தெரியாத, சொன்னாலும் புரியாத, புரிந்தாலும் அடுத்த நிமிஷம் மறந்துவிடுகிற முட்டாள்.

கால்புள்ளி என்பது அச்சகத்தில் வைத்த பெயர். புரூஃப் திருத்துவது அவர் தொழில். யார் எதைப் பேசினாலும் பாதியில் நிறுத்தி, "அது அப்படி இல்லை" என்று ஆரம்பித்துவிடுவார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் இரங்கல் தட்டியில் ஒற்று விட்டுப்போனதைச் சொல்லி அடி வாங்காமல் தப்பித்த மனுஷன். இப்போது புரூஃப் எல்லாம் வீட்டுக்கே வருகிறது. சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவர் இருப்பது குளிக்கும்போது மட்டும்தான். அப்படிப்பட்ட கால்புள்ளிக்கு வாய்த்த மனைவி முற்றுப்புள்ளி. அவள் வாயைத் திறந்தால் அந்த வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டில் மூன்றாவது ஆள் கால்புள்ளியின் அப்பா. நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு பின்பக்க அறையில் படுத்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் இரவு பகலாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். அதற்காகத்தான் அந்த ஜெனரேட்டர். குழாயில் வரும் கேஸில் ஓடுவது. கரண்ட் போனால் பத்து எண்ணுவதற்குள் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். அதைக் கவனித்துக்கொள்வது முழுக்க முழுக்க முற்றுப்புள்ளிதான்.

இந்த நேரம் பார்த்து அவளுடைய தங்கைக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். தங்கைக்குப் புருஷன் இல்லை. அறுத்துத் தைத்த பிறகு தூக்கி உட்காரவைக்கக்கூட ஆள் கிடையாது. மூன்று மாசமாவது கூட இருக்க வேண்டும்.

"ஜெனரேட்டரை நீங்க தனியாப் பார்த்துப்பீங்கன்னு எனக்கு நம்பிக்கை வர்ற அன்னைக்குத்தான் கிளம்புவேன்" என்றாள் முற்றுப்புள்ளி.

கால்புள்ளி உடனே கணக்குப் போட்டார். தெரிந்தால் போவாள். தெரியாவிட்டால் போகமாட்டாள். அவ்வளவுதானே!

கல் நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மச்சினியை நினைத்தால் அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இருட்டு வீடும், ஓயாத மழையும், அந்தப் பெருமூச்சும், நடுவில் தான் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதும் கண் முன்னால் வந்தபோது பயம் அதை முந்திக்கொண்டது. அவள் இல்லாத ஒரு நாளில் அப்பாவின் மூச்சு நின்றுவிட்டால்? அதை யாரிடம் போய்ச் சொல்வது? இந்தக் கேள்வி வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பாடம் ஆரம்பமானது.

"இது என்ன?"

"ஆட்டோ."

"ஆட்டோன்னா?"

"மூணு சக்கரம் இருக்கும்."

"விளையாடாதீங்க. இந்தக் குமிழ் ஆட்டோவுல இருந்தா, கரண்ட் போனதும் மெஷின் தானா ஓடும். அதனால உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?"

"கையைக் கழுவணும்."

"ஆஃப்ல வைக்கணுங்க! சரி, லோடுன்னா என்ன?"

"லாரியில ஏத்தறது."

"சர்வீஸ் எப்போ பண்ணணும்?"

"எனக்கு இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் ஆச்சும்மா. ஒருத்தரும் எதுவும் பண்ணலை."

முற்றுப்புள்ளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கால்புள்ளிக்குத் தன் நடிப்பைப் பற்றி ஒரே பெருமை.

உண்மை என்னவென்றால், அந்த மெஷினைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. வாங்கியபோது கூடவே ஒரு தமிழ்க் கையேடு வந்தது. எந்தப் புண்ணியவான் அச்சடித்தானோ, பக்கத்துக்குப் பத்துப் பிழை. 'இயந்திரத்தை இயக்கும் முன் வாயைத் திறக்கவும்' என்று போட்டிருந்தான். கால்புள்ளி பதறிப்போய் வாயை வாயுவாக்கினார். 'அறைக்குள் பகை தங்கினால் உயிருக்கு ஆபத்து' என்று இன்னொரு இடத்தில். பகையைப் புகையாக்கினார். இதை அப்படியே விட்டிருந்தாலும் தப்பில்லை என்று கொஞ்ச நேரம் யோசித்தார். இப்படியே முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை மூன்று தடவை திருத்தியதில் மொத்தமும் மனப்பாடம்.

அடுத்த வாரம் மெக்கானிக் வந்தார். பொறுமைசாலி. புகை வரும் வாயைக் காட்டி, அதற்கு முன்னால் எதையும் வைக்கக் கூடாது, இந்தப் புகைக்கு வாசனையே கிடையாது, ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும் என்று நிதானமாகச் சொன்னார்.

"வாசனை இல்லைன்னா ஒரு ஊதுபத்தி கொளுத்தி வச்சிடலாமே?" என்றார் கால்புள்ளி.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். முற்றுப்புள்ளியைத் தனியாக அழைத்து, "சாரை இதுல இழுக்காதீங்கம்மா. சார் பக்கத்துல வராம இருந்தாலே மெஷின் நல்லா ஓடும்" என்றார். அது கால்புள்ளியின் காதில் விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட நினைத்தார். அவமானம்தான் வந்தது.

ஏன் என்று அவர் யோசிக்காத ஒன்று உண்டு. அன்று முதல் முற்றுப்புள்ளி ஜெனரேட்டரைப் பற்றித் தப்புத் தப்பாகப் பேச ஆரம்பித்திருந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "ஆயிலை மேல் கோட்டைத் தாண்டி ஊத்தினாத்தான் நல்லது" என்பாள். கால்புள்ளியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பேனாவைத் தொடும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வரும். துணி மடித்துக்கொண்டே, "பேட்டரியில முதல்ல சிவப்பு வயரைத்தானே கழட்டணும்?" என்பாள். கை மறுபடியும் பைக்குப் போகும். "கறுப்பு! கறுப்பு!" என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு, "எனக்கென்னம்மா தெரியும்" என்பார். அவள் அந்தக் கையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை தங்கையிடமிருந்து போன் வந்தது. ஆபரேஷன் தேதி உறுதியாகிவிட்டது, முன்பு சொன்னபடியே வருகிற செவ்வாய். முற்றுப்புள்ளி சமையலறைக் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு பேசினாள்.

"என்னால வர முடியாது போலிருக்குடி. இவருக்கு மெஷின் வரவே மாட்டேங்குது. நம்பி எப்படி விட்டுட்டு வர்றது? நீ யாராவது ஆள் வச்சுக்கோ." அப்புறம் "அழாதடி" என்று மட்டும் ஒரு தடவை கேட்டது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த கால்புள்ளிக்கு முன்னால் புரூஃப் கிடந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். திட்டம் பலித்துவிட்டது. எழுந்து போய், எனக்கு எல்லாம் தெரியும், நீ கிளம்பு என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். பின்பக்க அறையில் அப்பா இருமினார். கால்புள்ளி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டது. வெளிச்சம் மட்டும் வரவில்லை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. முற்றுப்புள்ளி ஆயில் டப்பாவையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"நீங்க கத்துக்கறதுக்குள்ள எனக்குக் கிழடு தட்டிடும். நானே சர்வீஸ் பண்ணிடறேன். நீங்க மாமாகிட்ட உட்காருங்க."

கால்புள்ளி அப்பாவின் கட்டிலோரம் பேப்பரோடு உட்கார்ந்தார். மூடிய ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால், தள்ளி, மெஷின் நன்றாகத் தெரிந்தது. முற்றுப்புள்ளி மூடியைத் தூக்கினாள். தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி, ஆனால் தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"கேஸ் கசியுதான்னு பார்க்கணும். ஒரு தீக்குச்சி கிழிச்சுக் காட்டினா தெரிஞ்சிடப் போகுது."

கை பைக்குப் போனது.

"மறுபடியும் மழை வந்தா? ஓடும்போதே தார்ப்பாயைப் போட்டு நல்லா மூடிட்டா நனையாது."

பேனா வெளியே வந்துவிட்டது. கால்புள்ளி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னடா... நடுங்கற?" என்றார் அப்பா, மூச்சுக்கு ஒரு சொல்லாக.

"குளிருதுப்பா."

அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். குமிழ் ஆட்டோவிலேயே இருந்தது. அவளோ கையை முழங்கை வரை மெஷினுக்குள் விட்டிருந்தாள். அதே நேரம் அறை விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. ஆக்சிஜன் மெஷின் 'பீப்' என்றது. கரண்ட் போகப்போகிறது!

கால்புள்ளி எப்படி எழுந்தார், எந்த வழியாக ஓடினார் என்று அவருக்கே தெரியாது. செருப்பில்லாத காலோடு சேற்றில் போய் நின்று கத்தினார்.

"அடியே! கையை எடு! வெளிய எடு கையை! ஆட்டோவுல கிடக்குதுடி! கரண்ட் போச்சுன்னா ஸ்டார்ட் ஆகி உன் விரலை எல்லாம் வாரிட்டுப் போயிடும்! முதல்ல ஆஃப்! அப்புறம் கேஸ் வால்வு! அப்புறம் பேட்டரி, கறுப்பு வயர் முதல்ல, சிவப்பு பின்னாடி, மாட்டும்போது சிவப்பு முதல்ல, கறுப்பு கடைசியில! கசிவு பார்க்கறதுக்குத் தீக்குச்சியா? சோப்புத் தண்ணிடி, சோப்புத் தண்ணி! ஓடற மெஷின் மேல தார்ப்பாயா? எரிஞ்சு போகறதுக்கா? ஆயில் வெதுவெதுன்னு இருக்கும்போதே வடிக்கணும், கொதிக்கும்போதும் இல்லை, ஆறிப்போயும் இல்லை! புதுசு ரெண்டு கோட்டுக்கு நடுவுல, மேல் கோட்டைத் தாண்டக் கூடாது! நாம இதை நிறுத்தி வச்சிருக்கறப்ப கரண்ட் போனா அப்பாவுக்கு என்ன வழி? கரண்ட் வேண்டாத ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டில் பக்கத்துல வச்சியா? அதைச் செய்யாம ஸ்பேனரைத் தொடலாமா?"

கத்திக்கொண்டே குமிழை ஆஃபில் திருப்பினார். கேஸ் வால்வுக்குப் பாய்ந்தார். அது ஏற்கெனவே மூடியிருந்தது. பேட்டரியைப் பார்த்தார். இரண்டு வயரும் கழட்டி, துணி சுற்றி, ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. கரண்ட் போயிருந்தாலும் அந்த மெஷின் அசைந்திருக்காது.

"சிலிண்டரைக் காலையிலயே கொண்டு வந்து வச்சாச்சு" என்றாள் முற்றுப்புள்ளி. "அது மேலதான் நீங்க பேப்பரை வச்சிருந்தீங்க."

கால்புள்ளி அப்படியே நின்றார். கையில் சிவப்புப் பேனா.

ஜன்னலுக்கு அப்பாலிருந்து அப்பா கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அது ஆசீர்வாதமா, சிரிப்பா என்று புரியவில்லை.

"அப்புறம்?" என்று ஸ்பேனரை நீட்டினாள் முற்றுப்புள்ளி.

அப்புறம் என்ன? பாதியில் விட்டுவிட்டுப் போக அவரால் முடியாதே. பழைய ஆயிலை வடித்தார். ஃபில்டரை மாற்றினார். ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தார். வயரை வரிசை தப்பாமல் மாட்டினார். வால்வைத் திறந்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, ஆட்டோவில் வைத்தார். முற்றுப்புள்ளி பக்கத்தில் நின்று துணி மட்டும் எடுத்துக் கொடுத்தாள். ஒரு இடத்தில்கூட அவள் வாயைத் திறக்கத் தேவைப்படவில்லை.

"டிக்கெட் எடுத்தாச்சு. நாளைக்குச் சாயங்காலம்" என்றாள் கடைசியில்.

"எப்போ எடுத்தே?"

"நீங்க ஊதுபத்தி கொளுத்தலாமான்னு கேட்டீங்களே, அன்னைக்கே. வியாழக்கிழமை போன்ல பேசினது உங்க காதுல விழறதுக்காகத்தான்."

கால்புள்ளி பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் தூறல் ஆரம்பித்தது. ஆயில் கையைத் துணியில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றார். "மெஷினைப் பார்த்துப்பேன். அதுல ஒண்ணும் இல்லை. நீ இல்லாதப்போ அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா... நான் ஒத்தை ஆளா இங்க..."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "மாமாவை நினைச்சும்தான், அவளை நினைச்சும்தான். போன வாரம் பூரா தூங்கலை. ஆனா அவளுக்கு யாருங்க இருக்கா?"

உள்ளே மெஷின் பெருமூச்சு விடுவது கேட்டது. ஒரு பெருமூச்சு, ஒரு இருமல், மறுபடி ஒரு பெருமூச்சு. மூன்று மாசம் இதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழைதான் என்று துடைத்துக்கொண்டார்.

அவள் எழுந்து கதவருகே போய்விட்டாள். இன்னும் ஒரே ஒரு வழிதான் பாக்கி. கால்புள்ளி முகத்தை முடிந்த அளவுக்கு அப்பாவியாக வைத்துக்கொண்டார்.

"சரி, போயிட்டு வா. ஆனா ஒண்ணு. அப்பாவோட மாத்திரை எது காலைக்கு, எது ராத்திரிக்குன்னு எனக்குச் சுத்தமாத் தெரியாது."

முற்றுப்புள்ளி திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாதா? அதையும் நான் தப்பா எடுத்துக் குடுத்துக் காட்டணுமா?"