கமால் மாற்றிய மதர்போர்டு

கமாலுக்குத் தெரியாத வேலை பபேடான் பேட்டையிலேயே கிடையாது. அதாவது, கமாலைக் கேட்டால். போன வருஷம் அவர் பழுது பார்த்த மிக்ஸி இன்றைக்கும் ஜோராக ஓடுகிறது. கரண்டு போனால்தான் நிற்கும்.

அப்பேர்ப்பட்ட மேதை வீட்டில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகினால் விடுவாரா? அவர் மனைவி ருக்சார் அதில்தான் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து சம்பாதிக்கிறாள்.

"என் தம்பி மாஹிரோட கம்ப்யூட்டர் கடைக்கு அனுப்பிடலாங்க."

"உன் தம்பியா! மதர்போர்டுன்னா என்னன்னே தெரியாம கடை வாசல்ல போர்டு மாட்டினவனாச்சே! நானே மாத்துறேன்."

"போர்டை மாத்தினா விண்டோஸ் லைசென்ஸ் போயிடும்கிறான். அதுக்கு இது வேற மெஷினாத் தெரியுமாம்."

"அவன் கிழிச்சான்."

"பேசாம எனக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தந்துடுங்களேன்."

வந்ததா லேப்டாப் புராணம்! ரெண்டு வருஷமாக இதே ஓதல்தான். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும் என்பது கமாலின் கொள்கை. ஆம்பிளையின் கொள்கை என்றால் சும்மாவா?

"லைசென்ஸ் போகாம மாத்திக் காட்டுறேன். காட்டிட்டா, லேப்டாப்னு நீ வாயே திறக்கக் கூடாது. தோத்தா நானே வாங்கித் தர்றேன். சத்தியமா?"

"சத்தியமா."

இவ்வளவு சீக்கிரம் மடங்குகிறாளே என்று மூளையுள்ளவன் யோசித்திருப்பான். கமால் மீசையை முறுக்கிக்கொண்டார்.

நாலு நாள் முட்டி மோதினார். ஐந்து ஸ்க்ரூ மிஞ்சின. அதெல்லாம் தேவையில்லாத ஸ்க்ரூ என்று தீர்ப்புச் சொன்னார். ருக்சார் வேலை கெடுகிறதே என்று ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை. புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கையாம், இவர் நினைப்பு.

ஐந்தாம் நாள் காலை. "மீ லாபி!" என்று தெருவே பர்மிய மொழியில் கூவியது. கரண்டு வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டார். திரை ஒளிர்ந்தது. மாஷா அல்லாஹ்! ஆனால் மூலையில் ஒரு வரி: விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்.

ஒரு மணிக்குக் கரண்டு மறுபடி போய்விடும். குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, யாரைத் திட்டினாரோ அவனுக்கே போன் போட்டார்.

"சுலபம் மச்சான்," என்றான் மாஹிர். "லைசென்ஸ் யார் அக்கவுண்ட்ல இருக்கோ, அவங்க உள்ள போய், 'ஹார்டுவேர் மாத்தியிருக்கேன்'னு சொன்னாப் போதும்."

"யார் அக்கவுண்ட்ல இருக்கு?"

"அக்கா அக்கவுண்ட்லதான்."

வெளியே வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"ருக்சார், உன் பாஸ்வேர்டு என்ன?"

"நகருங்க, நானே போடுறேன்."

போட்டாள். 'இவற்றில் இது எந்தக் கம்ப்யூட்டர்?' என்று ஒரு பட்டியல் வந்தது. பட்டியலில் ரெண்டு பெயர். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள், அவளே வைத்தவை. கமால் எழுத்துக்கூட்டிப் படித்தார். முதலாவது 'அவர் தொட்டது'. ரெண்டாவது 'அவர் தொடாதது'.

"ரெண்டாவது என்னடி?"

"லேப்டாப்புங்க. போன பெருநாளுக்கே வாங்கிட்டேன். இந்த நாலு நாளும் பத்திரிகையெல்லாம் அதுலதான் போச்சு. நீங்க சரின்னு சொன்னா வெளிய எடுக்கலாம்னுதான் இத்தனை நாளாக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

முதல் பெயரைத் தட்டினாள். மூலையிலிருந்த வரி மறைந்தது.

"பந்தயத்துல நீங்கதாங்க ஜெயிச்சீங்க. சத்தியம்னா சத்தியம், இனிமே லேப்டாப் கேக்கவே மாட்டேன்."